இரண்டாவது கப்

காபி கேனை வாசல் ஓரம் இறக்கி வைத்த ராமசெல்வியின் கழுத்தைத்தான் புஷ்பம் முதலில் பார்த்தாள். புதிதாகச் செயின் ஏதும் கிடக்கிறதா? இல்லை. மஞ்சள் கயிறு, அதில் இரண்டு ஊக்கு. காதில் பழைய கம்மல். பார்த்து முடித்ததும் அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் புருஷன் கிடக்கும்போது எவள் கழுத்தில் என்ன கிடக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறோமே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, கையில் மோதிரம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ராமசெல்வி ஒரு கப்பில் காபி பிடித்துக்கொண்டு அருகில் வந்தாள்.

“ஒரு வாய் குடிங்க மதினி. நேத்துலேருந்து பச்சத் தண்ணி படலன்னு சொன்னாவ.”

மதினியாம். திருவொற்றியூரில் புஷ்பத்தின் புருஷன் இன்னாசியின் அட்டை யூனிட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள் இந்த ராமசெல்வி. இன்னாசியை அண்ணாச்சி என்பாள். அவர்கள் ஊர்ப்பக்கத்தில் கடைக்கு வருகிற எல்லா ஆம்பளைக்கும் அதுதான் பெயர் என்று இன்னாசி விளக்கம் கொடுத்திருக்கிறார். கேட்காத கேள்விக்கு எதற்கு விளக்கம் என்று அப்போதே புஷ்பத்துக்கு உறுத்தியது.

“வச்சிட்டுப் போ,” என்றாள்.

ராமசெல்வி கப்பைத் தரையில் வைத்துவிட்டு மற்றவர்களுக்கு ஊற்றப் போனாள். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு கப்பை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கப்பிலும் பழுப்பு அட்டையில் ஸ்லீவ் மாட்டியிருந்தது, விரல் சுடாமல் பிடிப்பதற்கு. எல்லாம் இன்னாசி யூனிட் சரக்கு. செத்தவர் செய்த ஸ்லீவைப் பிடித்துக்கொண்டு செத்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்குச் சவப்பெட்டியை மூடுவார்கள். மூடுவதற்கு முன் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும், முதலில் கட்டினவள். அதற்குள் புஷ்பத்துக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நேற்று சாயங்காலம் அந்த மனுஷன் உயிர் போகும்போது கூட இருந்தது யார்? அது தெரியாமல் அவளால் குனிய முடியாது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த முகம்தான் என்றாலும், நேற்றிலிருந்து அது வேறு யாருடைய முகமாகவோ இருந்தது.

நேற்று நடந்தது இவ்வளவுதான். ஸ்லீவ் ஒட்டுகிற பெண்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு இன்னாசி யூனிட்டில் தனியாக இருந்தார். கொஞ்ச காலமாகவே அவர் அப்படித்தான், எல்லோரும் போன பிறகும் இருப்பார். சரக்கு ஏற்ற வேனோடு போன அவர் தம்பி அலெக்ஸாண்டர்தான், நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தவரைப் பார்த்தது. மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். புஷ்பம் ஆட்டோவில் போய் இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடியபோது மேஜைமேல் ராமசெல்வி கடையின் சிவப்பு ஃப்ளாஸ்க் இருந்தது. பக்கத்தில் இரண்டு பேப்பர் கப், தனித்தனியாக. ஒன்றில் காபி அடிவண்டல். வாய் அழுதுகொண்டிருந்தது, கண் எண்ணிவிட்டது. மறுபடி அவள் அந்தப் பக்கம் திரும்பினபோது ஒரு கப்தான் இருந்தது. அலெக்ஸாண்டரின் கை பேண்ட் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

வேறு வீடாக இருந்தால் இதை ஒரு விஷயமாகவே எடுத்திருக்க மாட்டார்கள். காபி சுட்டிருக்கும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கப் மாட்டிக் குடித்திருப்பார் என்று போய்விடுவார்கள். இந்த வீட்டில் அப்படி நினைக்க வழியில்லை.

இன்னாசி முதலில் துறைமுக கேண்டீனில் வேலை பார்த்தவர். கண்ணாடி கிளாஸ்களைக் கம்பிக் கூடையில் வைத்து டீ கொண்டு போவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து, சூடான கிளாஸைச் சுற்றிப் பிடித்துக் குடிப்பார்கள். “அதான் சார் மொத ஸ்லீவு,” என்று ஆர்டர் கேட்கப் போகிற இடத்திலெல்லாம் எடுத்துவிடுவார். மண்ணடியில் அட்டை விற்கிற பாய் ஒருவர், அரபு நாட்டில் பிடியில்லாத குட்டிக் காபிக் கிண்ணத்துக்குப் பித்தளையில் கூடு செய்து வைத்திருந்தார்கள் என்று சொன்னதிலிருந்து அந்தப் பித்தளைக் கூடும் கதையில் சேர்ந்துகொண்டது. கிளாஸ் போய் பிளாஸ்டிக் கப் வந்தது, கையைச் சுட்டது. பேப்பர் கப் வந்தது, அதுவும் சுட்டது. ஜனங்கள் இரண்டு கப் மாட்டிக்கொண்டார்கள். அவர் பேப்பர் கப் ஏஜென்சி எடுத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு காபிக் கடையில் அட்டை ஸ்லீவ் மாட்டிக் கொடுத்தார்கள். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, ஒட்டின இடத்தில் பிரித்து, புஷ்பத்தின் முன்னால் தரையில் விரித்தார். நேர்ப்பட்டை இல்லை, வில்லாக வளைந்த பட்டை. மேலே அகன்று கீழே குறுகுகிற கப்பில் நேர்ப்பட்டை உட்காராது என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அன்றைக்கே மைதா பசை காய்ச்சி முதல் ஸ்லீவை ஒட்டியது அவள் கைதான்.

அதிலிருந்து இரண்டு கப் என்றாலே அவருக்கு ஆகாது. அலெக்ஸாண்டர் மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் கேட்டரிங்காரர் இரண்டு கப் மாட்டிக் கொடுக்க, பந்தியில் வைத்தே சண்டைக்குப் போனார். “நம்ம வூட்டு விசேஷத்துலயே ரெண்டு கப்பு மாட்டுனா, ஊர்ல எவன் ஸ்லீவு வாங்குவான்?” என்று கத்தினார். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் கல்யாணத்தில்கூட இரண்டு கப் மாட்டிக் குடித்ததில்லை. ஒரு ஆளுக்கு ஒரு கப். ஆகவே இரண்டு கப் என்றால் இரண்டு ஆள்.

இந்த ஒன்றை வைத்து மட்டும் புஷ்பம் சந்தேகப்படவில்லை. சில மாதங்களாக அவர் வீட்டில் காபி குடிப்பதையே விட்டுவிட்டார். டம்ளரையும் டவராவையும் கொண்டு போய் வைத்தால், “வாணாம், அங்க போயி குட்ச்சிக்கிறேன்” என்பார். அங்கே என்றால் ராமசெல்வி கடை. கல்யாணமான நாளிலிருந்து தானே சவரம் பண்ணிக்கொண்ட மனிதர், ஒருநாள் விட்டு ஒருநாள் சலூனுக்குப் போக ஆரம்பித்தார். சட்டைகளை ஓரம் கட்டிவிட்டு டி-ஷர்ட் போட்டார், அதில் ஒன்று கிளிப்பச்சை. தெருவில் நடக்கும்போது வலது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டில். ராத்திரி அவளை முதலில் சாப்பிட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் தனியாகச் சாப்பிடுவார். “யாருக்கு இந்த சோக்கு?” என்று அவள் ஒருநாள் கேட்டே விட்டாள். அவர் சிரித்தார். தப்புப் பண்ணாத புருஷன் அந்தக் கேள்விக்குக் கோபப்படுவான், சிரிக்க மாட்டான் என்பது அவள் தீர்மானம்.

மகன் டென்னிஸ் வந்து தரையில் இருந்த கப்பைப் பார்த்தான்.

“குடிம்மா. ஆறிப்போவுது.”

“உங்க சித்தப்பன கூப்புடு. பின்னாடி வரச் சொல்லு.”

சமையல் கட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சந்தில் அலெக்ஸாண்டர் வந்து நின்றான். இரண்டு நாள் தாடி. நேற்றுப் போட்டிருந்த அதே பேண்ட்.

“இன்னா அண்ணி, ஃபாதர் வந்துகினு கீறாரு. பெட்டி வேற வந்துடுச்சி.”

“அந்தக் கப்ப குடு.”

“எந்தக் கப்பு?”

“பாக்கெட்ல கீதே, அத்தக் குடு.”

அலெக்ஸாண்டர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு பாக்கெட்டில் கைவிட்டு, நசுங்கிக் கிடந்த கப்பை எடுத்து அவள் கையில் வைத்தான். அவன் அதை மறந்தே போயிருந்தான் என்று தோன்றியது.

“நான் இன்னா பண்றது அண்ணி. ரெண்டு கப்பு கீது. வேன் டிரைவர் உள்ள வந்துகினு இருக்கான். அவன் பாத்தான்னா காசிமேடு வரிக்கும் சொல்லிகினு திரிவான். செத்துப் போன மனுசன் பேரு இன்னாத்துக்கு ஆவுறது?”

“அப்ப நீயும் அப்டித்தான் நென்ச்ச.”

அவன் கொடியில் தொங்கிய துண்டைச் சரியாக இழுத்து விட்டான்.

“அவ கட தொறந்து இருந்துச்சா?”

“இல்ல. நேத்து சீக்கிரமே மூடிடுச்சி. நான் போறப்பவே ஷட்டர் எறக்கி இருந்துச்சி.”

அவன் போன பிறகு புஷ்பம் கப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். உதட்டுச் சாயமா, வெற்றிலைக் கறையா, என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஒன்றும் இல்லை. உள்ளே வெள்ளையாக, காய்ந்து இருந்தது. முகர்ந்து பார்த்தாள். வெறும் காகித வாசனை. அந்தக் கப்பில் ஒரு சொட்டுக் காபி விழவில்லை, ஒரு வாயும் படவில்லை.

இப்போது எல்லாம் அவளுக்குக் கோர்வையாகத் தெரிந்தது. ராமசெல்வி வந்திருக்கிறாள். அவர் தன் கப்பில் ஊற்றிக் குடித்திருக்கிறார். இவள் கப்பில் ஊற்றுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். பார்த்தவள் யாரையும் கூப்பிடாமல், கடையை மூடிவிட்டு ஓடியிருக்கிறாள். சேர்ந்து காபி குடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். உயிருக்குத் தவிக்கிறவரை விட்டுவிட்டு ஓடியதை எப்படிப் பொறுப்பது?

ராமசெல்வி குழாயடியில் காலிக் கேனை அலசிக்கொண்டிருந்தாள். புஷ்பம் கப்பைப் பிடித்தபடி அவளுக்கு நேராகப் போய் நின்றாள்.

“நேத்து சாயங்காலம் யூனிட்டாண்ட போனியா?”

“இல்லயே மதினி.”

“பொய் சொல்லாத. உன் ஃப்ளாஸ்க் அங்க கீது. ரெண்டு கப்பு கீது. அந்த மனுசன் சாயறத பாத்துட்டு வுட்டுட்டு ஓடிட்டல்ல நீ?”

ராமசெல்வி தண்ணீரை நிறுத்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, புஷ்பத்தின் கையில் இருந்த கப்பையே பார்த்தாள்.

“அண்ணாச்சி எப்பவும் ஒரு காபிக்கு ரெண்டு கப்புதான் மதினி வாங்குவாவ.”

“எங்க வூட்டுக்காரரு ரெண்டு கப்பு மாட்டிக் குட்ச்சாரா? யாராண்ட கத வுடுற?”

“சொல்லப்படாதுன்னு சொல்லியிருந்தாவ. இனி சொல்லி என்ன, சொல்லாட்டா என்ன.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவியளுக்குக் கை நடுக்கம்லா. ஒருநா கடையில நின்னு குடிக்கும்போது வலது கை கிடந்து ஆடுது. ஸ்லீவு வழுக்கிக் கீழ எறங்கிட்டு. விழுந்துரும்னு இறுக்கிப் பிடிச்சாவ, கப்பு நசுங்கிக் காபி பூரா கையில கொட்டிட்டு. நாந்தான் இன்னொரு கப்ப மாட்டிக் குடுத்தேன். ரெண்டு கப்புன்னா நசுங்காம நிக்கும்லா. அதுலேருந்து ஃப்ளாஸ்க்குல வாங்கிட்டுப் போயி, வேலைக்கு வார பிள்ளைய எல்லாம் போன பொறவு தனியா உக்காந்து குடிப்பாவ.”

“பொய்யி,” என்றாள் புஷ்பம். ஆனால் அதில் சத்தமில்லை.

“குடிச்சி முடிச்சதும் ரெண்டையும் பிரிச்சி வச்சிருவாவ. ஒண்ணுக்குள்ள ஒண்ணா யாரும் பாத்துரப்படாதுன்னு. ஸ்லீவு விக்கிறவனே ரெண்டு கப்பு மாட்டுதான்னு சிரிப்பானுவன்னு சொல்லுவாவ.”

“எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“நானும் கேட்டேன் மதினி. வீட்ல சொல்லுங்க, ஆசுபத்திரிக்குப் போங்கன்னு. ‘அவளுக்குத் தெரிஞ்சா நாளைலேருந்து சோறு ஊட்டிவுட ஆரம்பிச்சிடுவா’ன்னு சொல்லிச் சிரிச்சாவ.”

புஷ்பம் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். டி-ஷர்ட்டுக்குப் பொத்தான் கிடையாது. கத்தி பிடிக்க முடியாதவர் சலூனுக்குத்தான் போக வேண்டும். டவராவில் டம்ளர் மோதிச் சத்தம் போட்டிருக்கும். அவள் படுக்கப் போன பிறகு அந்த மனுஷன் எப்படிச் சாப்பிட்டார், எத்தனை பருக்கை தரையில் சிந்தியது, அதைத் துடைத்துவிட்டுத்தான் படுத்தாரா? பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அவள் அப்போது வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைய ஏன் சீக்கிரம் மூடுன?” என்று கேட்டாள். இப்போது அது விசாரணையாக இல்லை.

“எங்க வீட்டுக்காரர் லாரியோட வந்துட்டாவ. ரெண்டு நா கழிச்சி வீட்டுக்கு வந்துருக்காவளேன்னு மூடிட்டுப் போனேன். மத்த நாள்னா ஃப்ளாஸ்க்க திரும்ப வாங்க நானே அங்க போவேன்.” ராமசெல்வியின் உதடு கோணிக்கொண்டது. “நேத்துதான் போகல.”

“அப்ப யாருமே இல்லியா அங்க?”

“யாரும் இல்ல மதினி.”

நேற்று சாயங்காலத்திலிருந்து ஒருத்தியைத் திட்டுவதற்கு என்னென்னவோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள் புஷ்பம். இப்போது திட்டுவதற்கு ஆளில்லை. அவரோடு அங்கே எவளும் இல்லை. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. யாராவது இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. இவளாவது இருந்திருக்கக் கூடாதா. நெஞ்சைத் தடவி விட்டிருப்பாள், வாயில் தண்ணீர் ஊற்றியிருப்பாள், பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். அப்படி ஒரு பெண்பிள்ளை அங்கே இருந்திருந்தால், சத்தியமாக, அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன் என்று நினைத்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

“அம்மா, ஃபாதர் வந்துட்டாரு,” என்று டென்னிஸ் கதவருகில் நின்று கூப்பிட்டான்.

செபம் முடிந்ததும் எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். புஷ்பம் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். முகம் பழைய முகமாகவே இருந்தது. பிறகு யாரும் எதிர்பார்க்காமல், செபமாலை சுற்றிக் கட்டியிருந்த கைகளைத் தூக்க முயன்றாள். அவை வரவில்லை. வலது கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, “என்னாண்ட சொல்றதுக்கு இன்னாய்யா?” என்று கேட்டாள். அலெக்ஸாண்டர் அவள் தோளைப் பிடித்து எழுப்பும்வரை கையை எடுக்கவில்லை. அழுகிறாளே இப்போதாவது என்று சொந்தக்காரப் பெண்களுக்கு ஆறுதலாக இருந்தது.

பெட்டியை வேனில் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் நீளமான இருக்கைகள். டென்னிஸ் சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். ராமசெல்வி காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு, தெருமுனைக்குப் போவதற்காகக் கூட்டத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தாள்.

“ஏய், நீ எங்க போற?” என்று புஷ்பம் வேனுக்குள்ளிருந்து கேட்டாள். “ஏறு.”

“நானா மதினி?”

“ஏறுன்றேன்ல.”

அலெக்ஸாண்டர் திகைத்துப் போய் அண்ணியைப் பார்த்தான். பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டான். ராமசெல்வி கேனைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு புஷ்பத்தின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

வேன் பிரதான சாலைக்கு வந்ததும் நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இன்னாசியைப் புதைக்கப் போகிற காசிமேட்டுக் கல்லறைக்கு இந்த வழியைத் தவிர வேறு வழியில்லை. டிரைவர் இஞ்சினை அணைத்தான். ஜன்னல் வழியாக மீன் வாடையும் டீசல் புகையும் வந்தன.

“நேத்து காபி வாங்க வந்தப்போ உன்னாண்ட இன்னா பேசுனாரு?” என்று புஷ்பம் கேட்டாள்.

ராமசெல்வி தயங்கினாள். “பெருசா ஒண்ணும் இல்ல மதினி.”

“பரவால்ல. சொல்லு.”

“வெயிலு என்ன இப்படி அடிக்குன்னாவ. லாரிக்காரனுவ ரோட்ட அடைச்சிட்டு நிக்கானுவ, தம்பி வேன் எப்ப வந்து சேரப் போகுதோன்னாவ. சீனி கொஞ்சம் கூடப் போடட்டான்னு கேட்டேன். வேண்டாம், வீட்ல திட்டுவான்னாவ.”

“வூட்லன்னா சொன்னாரு?”

“ஆமா.”

“அப்பால?”

“பொறவு ஃப்ளாஸ்க்க வாங்கிட்டு ரோட்டத் தாண்டினாவ. நடுவுல ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சான். நின்னு, அவன் போன பொறவு போனாவ. கதவுகிட்ட போயித் திரும்பிப் பாத்தாவ. நான் அடுப்ப அணைச்சிட்டு இருந்தேன். அவ்வளவுதான் மதினி.”

முன்னால் நின்ற லாரி ஓரடி நகர்ந்து மறுபடி நின்றது. புஷ்பம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தபா சொல்லு,” என்றாள்.

“எதுலேருந்து மதினி?”

“கடையாண்ட வந்தாருல்ல. அதுலேருந்து.”

ராமசெல்வி தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணாச்சி கடைக்கு வந்து நின்றதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.